ஏழாம் நாள் எழும்பிய வீடு

1996 அக்டோபர் 17, வியாழன். நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. இன்ஸாஃபின் வீடு கிழக்கே பறந்தது என்று எழுதியிருக்கிறேன். அது வடக்கே, நைல் கடலில் விழும் பக்கமாகத்தான் பறந்தது. ஆற்றங்கரையில் நின்றால் எனக்கு எப்போதும் திசை குழம்பும். மற்றதிலும் பிழை இருக்கலாம் என்பதால் முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் ரஷீத் ஊரின் வலைக்காரர் சந்தில் நேற்றுவரை நின்ற அந்த வீடு, உள்ளே பேசித் தன் காதில் விழும் துக்கத்துக்குத் தாழும், சந்தோஷத்துக்கு உயரும். இன்ஸாஃபின் கணவன் ஷவ்கியின் தந்தை இறந்த வருடம் அது ஜன்னல்வரை மண்ணுக்குள் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் ஜன்னலில் காலை விட்டு இறங்கினார்கள். அவன் இன்ஸாஃபைக் கட்டிக்கொண்டு வந்த வாரம் ஓர் ஆள் உயரம் எழும்பி நின்றது. பால்காரர் ஏணியோடு வந்தார். அவள் கைக்கு வந்த பிறகுதான் வீட்டுக்கு ஒரு நிதானம் பிடிபட்டது. வாசல் தெருவுக்குச் சமமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. வலை கிழிந்த சேதி வந்தால் அன்று மாலையே பால்சோறு கிண்டி, இலவங்கப்பட்டைத் தூளைத் தூவி, வானொலியை உரக்க வைப்பாள். வீடு மெல்ல மேலே வரும். சிரிப்பு மிஞ்சிப்போன நாளில் எதிர்வீட்டு உம்மு ஹாஷிமைக் காபிக்குக் கூப்பிடுவாள். உம்மு ஹாஷிமிடம் முழங்கால், மருமகள், ஓதம் ஏறிய சுவர் என்று குறைகள் எப்போதும் தயாராக இருக்கும். முழங்கால் பேச்சு முடிவதற்குள் வாசல் தரையைத் தொட்டுவிடும். ஆறு வருடம் இப்படியே ஓடியது. பிள்ளை இல்லை என்ற பேச்சு எழுந்த இரவுகளில் மட்டும் இன்ஸாஃப் இரண்டு தடவை பால்சோறு கிண்ட வேண்டியிருந்தது.

இந்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. அதற்குச் சற்று முன்புதான், ஷவ்கி வேலை செய்த மீன்பிடிப் படகு ஆற்று வாயின் மணல்திட்டில் ஏறி அடிப்பலகை பிளந்துபோயிருந்தது. அப்போது சுக்கான் அவன் கையில் இருந்தது. கரையில் எவரும் அவனை இனிப் படகில் ஏற்றுவதாக இல்லை. நிறைமாதக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று அவன் சொல்லவே இல்லை. விடியலில் சாப்பாட்டு மூட்டையோடு கிளம்பிக் காபிக்கடையில் உட்கார்ந்திருப்பான், மாலையில் சந்தையில் மடவை மீன் வாங்கி வருவான். சந்து முழுவதும் அறிந்திருந்தது, சந்து முழுவதும் வாயை மூடிக்கொண்டது. ஆகவே வீட்டுக்குள் குழந்தை வந்த சந்தோஷம் இருந்தது, அதற்கு எதிர் எடையாக ஒன்றுமே இல்லை. தொட்டில் ஆடும்போதெல்லாம் வாசல் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பி எழும்பி இறங்கியது.

ஏழாம் நாள் சடங்கில் குறை சொல்லும் நாக்கு குழந்தைமேல் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் உம்மு ஹாஷிமை மட்டும் கூப்பிடாமல் விட்டார்கள். எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அவள் தன் வாசலில் நாற்காலி போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் கூடினார்கள். குழந்தையைச் சல்லடையில் கிடத்தி அசைத்தார்கள், உப்பைத் தூவினார்கள், இன்ஸாஃப் சல்லடையைத் தாண்டினாள், குழந்தையின் காதருகே பித்தளை உரலை இடித்து வழக்கமான வரியைச் சொன்னார்கள். "அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காத!" ஒவ்வோர் இடிக்கும் வீடு ஒரு முழம் எழும்பியது. உள்ளே இருந்தவர்கள் ஆட்டத்தில்தான் தரை குலுங்குகிறது என்று நினைத்தார்கள். தெருவில் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை கொடுத்துக்கொண்டிருந்த ஷவ்கி நிமிர்ந்து பார்த்தபோது அவன் வீடு துணிக்கொடிகளுக்கு மேலே, கடல் காற்றின் பக்கமாகத் திரும்பியிருந்தது.

மளிகைக் கூடை இறக்கும் கயிறு பால்கனியிலிருந்து தொங்கியது. ஓடிப்போய் அதைப் பிடித்தான். கொஞ்ச தூரம் கரையோடு ஓடினான், பிறகு கால் தரையில் படவில்லை. பின்னாலேயே வந்த உம்மு ஹாஷிம் அவன் கணுக்காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தன் முழங்கால் படும் பாட்டை முழுத் தொண்டையில் சொன்னாள். உரல் இடிக்கும் இரைச்சலில் மேலே எதுவும் கேட்கவில்லை. வீடு ஒரு விரல்கூட இறங்கவில்லை. முன்னே ஆறு முடிந்து கடல் தெரிந்தது.

ஷவ்கி கத்தினான். உரல் இடித்தது. மறுபடி கத்தினான். மறுபடி உரல்.

"அடியே, அந்த உரலை நிறுத்துங்கடி," என்றாள் உம்மு ஹாஷிம். சாமான்ய குரல் இல்லை அது. "இன்னிக்கு ஒரு நாளாவது புள்ள அப்பன் பேச்சைக் கேக்கட்டும்."

உரல் நின்றது. இன்ஸாஃப் குழந்தையை மார்போடு அணைத்தபடி பால்கனியில் எட்டிப் பார்த்தாள்.

"படகு உடைஞ்சிருச்சு, இன்ஸாஃப். சுக்கான் என் கையிலதான் இருந்துச்சு. நான் கடலுக்கே போகல."

"தெரியும். சந்தை ஐஸு வாடையோட எந்தக் கடல்ல மீன் பிடிக்கிறாங்க? நீ எப்பதான் வாயத் தொறப்பேன்னு பாத்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சே சும்மா இருந்தியா?"

"நான் சொன்னா அது என் கவலை. நீ சொன்னாத்தான நம்ம கவலை. இன்னும் என்ன வச்சிருக்க? எல்லாத்தையும் கொட்டு."

அவன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "எவனும் இனி என்னை ஏத்த மாட்டான். பயமா இருக்கு."

கயிறு அறுந்த வாளி கிணற்றில் விழுவதுபோல வீடு விழுந்தது. அடியில் ஆறு பளபளத்தது. இன்ஸாஃப் உள்ளே திரும்பி, "அடிங்கடி உரலை," என்றாள். இடித்தார்கள், குலவையிட்டார்கள், குழந்தை வீறிட்டது, யாரோ பயத்தில் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எல்லோரையும் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்தில் வீடு தயங்கி நின்று, கயிற்றில் தொங்கிய இருவரையும் தண்ணீரில் இழுத்தபடி பக்கவாட்டில் நகர்ந்து, மீன் உப்பிடும் காலி மனையில் இறங்கியது. தரைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. ஷவ்கி ஏறிப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். உம்மு ஹாஷிமையும் கைகொடுத்து ஏற்றினார்கள். அவள் மூச்சு வாங்கியபடி, தன்னை ஒருத்தியும் கூப்பிடவில்லை என்று ஆரம்பித்தாள். வாசல் தரையைத் தொட்டது.

இன்று காலை போய்ப் பார்த்தேன். ஷவ்கி படகு கட்டும் பட்டறைகளில் வேலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தான். அதை அவன் சொல்லும்போது வாசல் இரண்டு விரல் அமிழ்ந்தது. குழந்தை தும்மியது, வாசல் மறுபடி ஏறிக்கொண்டது. தபால்காரர் புது இடத்தை விசாரித்துக்கொண்டு போனார். மின்கம்பி மட்டும் பழைய கம்பத்தில் அறுந்து தொங்குகிறது. நாளை வெள்ளி, நான் நடத்தும் மாலை வகுப்பு இல்லை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஏணியும் கம்பிச்சுருளும் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக்கு விளக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும். கம்பியைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும்.