பிலாத்து விலகிய வாரம்

அந்தத் திங்கட்கிழமை காலை, யாங்கூனில் ஷ்வேப்யிதா தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஃபெர்ரி பஸ்ஸில் ஒருத்தியும் தூங்கவில்லை. மற்ற நாளில் மிங்கலாடோனில் ஏறின கையோடு ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிடுகிற பெண்கள், அன்றைக்கு ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி மாசக் குளிரில் ஜன்னலெல்லாம் மூடியிருந்ததால் ஆளுக்கு ஆள் பேசியது பஸ் முழுக்கக் கேட்டது.

இங்கிலாந்து வருகிற சனிக்கிழமை ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுகிறதாம். விலகினால் அங்கே போகிற உடுப்புக்கெல்லாம் புது வரி விழுமாம். வரி விழுந்தால் ஆர்டர் நிற்கும், ஆர்டர் நின்றால் பாக்டரிக்குப் பூட்டு. பேஸ்புக்கில் ஒருத்தி படித்ததை இன்னொருத்தி பெருக்கிச் சொல்ல, பஸ் தொழிற்பேட்டை வாசலுக்கு வருவதற்குள் பாதிப் பேருக்கு வேலையே போய்விட்டது போலிருந்தது.

"சயாமா, நிஜமா இது?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு பெண் பர்மியத்தில் கேட்டாள். ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்களை எல்லோரும் சயாமா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அமலி திரும்பிப் பார்த்தாள். "விசாரிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் அன்றைக்கு அதற்குமேல் தெரியாது.

அமலிக்கு நாற்பத்து மூன்று வயது. அந்தத் தையல் பாக்டரியில் பதினோரு வருஷமாக ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதுகிறாள். எத்தனை பெட்டி, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த நாட்டில் தைத்தது என்பதெல்லாம் அவள் கையெழுத்தில்தான் கடல் தாண்டும். அவளுடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர், தாத்தாவும் அப்படித்தான். காகிதத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் சோறு இறங்காது. அமலிக்கும் அந்தக் குணம் அப்படியே வந்திருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் எழுதின பத்திரம் ஒன்றுகூடத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை என்றாலும் மனசுக்குள் அந்தப் பெருமை உண்டு.

பாக்டரியில் தைக்கிற மழைக்கோட்டை வாங்குகிற இங்கிலாந்துக் கம்பெனியிலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் அன்று மத்தியானம் அவள் எடுத்துப் படித்தாள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது. சனிக்கிழமை விலகினாலும் வருஷக் கடைசி வரைக்கும் பழைய விதிதான். வரியில் மாற்றம் கிடையாது. செப்டம்பர் வரைக்கும் கொடுத்த ஆர்டர் கொடுத்தபடி இருக்கிறது. அமலிக்கு மூச்சு வந்தது. மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நாளைச் சாயங்காலம் பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மறுநாள் காலையில் அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து மூன்று வருஷமாகப் பாக்டரியை நடத்துகிறவர். பர்மியம் தெரியாது. வழக்கமாக அவருக்கு மொழிபெயர்க்கிற பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். அவர் ஒரு இங்கிலீஷ் தாளை நீட்டி, பர்மியத்தில் அடித்து நூற்றுப் பன்னிரண்டு பிரதி எடுக்கச் சொன்னார்.

அமலி தன் மேசைக்கு வந்து படித்தாள். 'இங்கிலாந்து யூனியனை விட்டு விலகுவதால் ஏற்பட்டுள்ள நிலையை அறிந்து, நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து நீங்குகிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கூடவே ஒரு பெயர்ப்பட்டியல்: ஏழு, எட்டு, ஒன்பதாம் லைன்களில் தைக்கிறவர்கள். பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனவளுக்கு விஷயம் புரிந்தது. எல்லோருமே ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். தானாகப் போனார்கள் என்று எழுதி வாங்கிவிட்டால் நஷ்டஈடு தர வேண்டாம். அவர்கள் இடத்தில் நாள்கூலிக்கு ஆள் எடுத்து அதே மழைக்கோட்டைத் தைத்துவிடலாம்.

தாளை அடித்துக் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க அவளுக்கு அப்போது தைரியம் வரவில்லை. பிரதி எடுக்கிற மெஷின் தள்ளத் தள்ள ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்கினாள். சாயங்காலம் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள்.

வீட்டில் அவள் கணவன் டேவிட், லத்தா கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் ஜிப்பும் பட்டனும் விற்கிறவன், அதே பேச்சோடுதான் வந்திருந்தான். "தெருவே இதான் பேசுது. பிலாத்துக்காரன் போனா பாக்டரிக்காரன் பட்டன் வாங்க மாட்டான்னு எங்க முதலாளி சரக்குக்கூட எடுக்கல" என்றான். பழைய யாங்கூன் தமிழர்கள் மாதிரி இங்கிலாந்தை அவன் இன்னமும் பிலாத்து என்றுதான் சொல்வான்.

அமலி நடந்ததைச் சொன்னாள். டேவிட் சோற்றைப் பிசைகிறதை நிறுத்திவிட்டான்.

"பாவம்தான் அமலி. ஆனா நீ இதுல தலை கொடுக்காத. உன் பேரு அந்தப் பட்டியல்ல இல்லதானே?"

"இல்லங்க. ஆனா தாளை அடிச்சது நான்."

"அடிக்கச் சொன்னாங்க, அடிச்ச. அவ்வளவுதான்."

 அவ்வளவுதான் என்று அவளால் விட முடியவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தமிழரசி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். தமிழரசி ஏழாம் லைனுக்கு லீடர். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த குடும்பம். எட்டாவதோடு படிப்பை விட்டவள். பர்மியம் தண்ணீராக வரும், தமிழ் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். அமலியை மட்டும் அவள் சயாமா என்று கூப்பிடாமல் அக்கா என்பாள்.

"அக்கா, நாளைக்கி நாலு மணிக்கு கேன்டீன்ல மீட்டிங்காம். ஏதோ தாள்ல கையெழுத்துப் போடணுமாம். என் லைன் புள்ளைங்க அழுவுதுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அமலி சுற்றுமுற்றும் பார்த்தாள். "கம்பெனிப் பேப்பரை நான் உனக்குக் காட்ட முடியாது, தமிழு. அது தப்பு. ஆனா விலகுறது எப்படின்னு நியூஸ்லயே வந்திருக்கு, அதைச் சொல்லலாம். சனிக்கிழமை பேருக்குத்தான் விலகுறாங்க. வருஷக் கடைசி வரைக்கும் சட்டம் மாறாது."

"அப்ப ஆர்டர்?"

"அது கம்பெனி லெட்டர்ல இருக்கு, நான் சொல்லக்கூடாது" என்றாள் அமலி. தமிழரசி அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "சரிக்கா. உங்களுக்குக் கஷ்டம் வேணாம். தண்ணி குடிக்கிற இடத்துல செவுத்துல ஒரு நோட்டீஸ் இருக்குல்ல, கோட்டு வாங்குற கம்பெனி ஒட்டினது? எதாவது அநியாயம்னா இந்த நம்பருக்குப் போன் பண்ணுன்னு போட்டிருக்கு. அஞ்சு வருஷமா இருக்கு. யாராச்சும் பண்ணியிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் பண்ணினதில்ல."

"நான் பண்றேன்" என்றாள் தமிழரசி. சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள்.

மறுநாள் நாலு மணிக்குக் கேன்டீனில் நூற்றுப் பன்னிரண்டு பெண்களும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பேனா. எதிரே மேனேஜர். அவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க அமலி.

அவர் பேசப் பேச அவள் பர்மியத்தில் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "மேனேஜர் சொல்கிறார்" என்று சேர்த்துக்கொண்டாள். வழக்கமாக அப்படிச் சேர்ப்பதில்லை.

"மேனேஜர் சொல்கிறார், சனிக்கிழமையோடு இங்கிலாந்து ஆர்டர் முடிகிறது. மேனேஜர் சொல்கிறார், இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரு மாசச் சம்பளம் கிடைக்கும். மேனேஜர் சொல்கிறார், போடாதவர்களுக்குப் பிறகு ஒன்றும் கிடைக்காது."

முன் வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். இரண்டு மூன்று பேர் பேனாவைத் திறந்தார்கள். அப்போது தமிழரசி எழுந்து நின்றாள்.

"நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்று பர்மியத்தில் ஆரம்பித்தாள்.  "சுவரில் இருக்கும் நோட்டீஸைப் பார்த்து நேற்று நான் அந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். என் பெயரைச் சொல்லித்தான் பேசினேன். அந்தக் கம்பெனியின் யாங்கூன் ஆபீஸில் ஒரு அம்மா எடுத்தார். ஆர்டர் எதையும் நிறுத்தவில்லை என்றார். இப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது தங்களுக்குத் தெரியாது என்றார். யாரும் போட வேண்டாம் என்றார்."

 அமலி அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் மேனேஜரிடம் சொன்னாள். அவர் முகம் சிவந்தது.

"அந்தப் பெண் தப்பாகக் கேட்டிருக்கிறாள் என்று சொல்."

"நீங்கள் அப்படிச் சொல்வதாகச் சொல்கிறேன் சார்" என்றாள் அமலி. சொன்னாள். "மேனேஜர் சொல்கிறார், தமிழரசி தப்பாகக் கேட்டிருக்கிறாளாம்."

பின் வரிசையிலிருந்து மைமூன் எழுந்தாள். ஒன்பதாம் லைனில் காலர் தைக்கிறவள், பாக்டரி திறந்த நாளிலிருந்து இருக்கிறவள், அதிகம் பேசாதவள். "சயாமா, கப்பலுக்குப் போகிற பேப்பர் எல்லாம் உங்கள் கைவழியாகத்தானே போகிறது? அவர் சொல்வதும் இருக்கட்டும், அந்த ஆபீஸ் அம்மா சொன்னதும் இருக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள். நாங்கள் நம்புகிறோம்."

நூற்றுப் பன்னிரண்டு முகங்களும் அமலி பக்கம் திரும்பின.  டேவிட் சொன்னது ஞாபகம் வந்தது. நேற்றுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போன தமிழரசியின் முதுகும் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் பதினோரு வருஷமாகத் தன் எழுத்தை நம்பித்தான் பெட்டி ஏறுகிறது, இப்போது மனிதர்கள் தன் வார்த்தையை நம்பி நிற்கிறார்கள் என்று தோன்றியதும் அவளுக்குக் கூச்சம் போய்விட்டது. மேனேஜரிடம் முதலில் இங்கிலீஷில் சொன்னாள்: "சார், என்னைக் கேட்கிறார்கள். பொய் சொல்ல எனக்கு வராது."

அப்புறம் பெண்களைப் பார்த்து, "மேனேஜர் சொல்கிறார்" என்பதை விட்டுவிட்டுப் பேசினாள்.

"தமிழரசி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். ஆர்டர் நிற்கவில்லை. சட்டம் வருஷக் கடைசி வரைக்கும் மாறாது. அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன். இந்தத் தாளை அடித்தது நான். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

யாரும் கை தட்டவில்லை, கோஷம் போடவில்லை. மைமூன்தான் முதலில் வந்தாள். தன் தாளை மேனேஜர் முன்னால் மேசையில் வைத்து, கசங்கின ஓரத்தைக் கையால் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, மெஷினுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். கையெழுத்து இல்லாத நூற்றுப் பன்னிரண்டு தாள். கடைசியாக வந்த தமிழரசி அமலியைக் கடந்து போகும்போது "அக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் கண் பளபளத்தது.

வெள்ளிக்கிழமை காலை இங்கிலாந்துக் கம்பெனியின் யாங்கூன் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து மேனேஜர் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போனபின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. ஏதோ தவறான புரிதல் என்றும், யாரும் வேலையை விட வேண்டியதில்லை என்றும் இருந்தது. அமலிக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. மொழிபெயர்க்க நிறுத்தின இடத்தில் சொந்தக் கருத்துச் சொன்னதற்கு எச்சரிக்கை. அவள் படித்துப் பார்த்தாள், பர்மியத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் சொல்லாமல் விட்டதைச் சாயங்காலம் டேவிட்டிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், அவன் முந்திக்கொண்டான். கையில் ஒரு பெரிய வாத்து ரோஸ்ட் பொட்டலம். லத்தாவில் பண்டிகைக்குத்தான் வாங்குவான்.

"ஷ்வேப்யிதாவுக்குப் பட்டன் கொண்டுபோற பையன் வந்து கடையில சொன்னான். எவளோ ஒரு சயாமா மேனேஜர் மூஞ்சிக்கு நேரா மேசையைத் தட்டிப் பேசினாளாமே?"

"மேசையெல்லாம் தட்டலங்க."

"தட்டினதா இருக்கட்டும்" என்றான் டேவிட். "தெருவுல எல்லாரும் அதான் பேச்சு. முதலாளி சரக்கு எடுக்க ஆள் அனுப்பிட்டாரு. யாரு அந்தப் பொம்பளன்னு கேட்டாங்க. என் பொஞ்சாதிதான்னு நின்னு சொன்னேன். நாலு கடைக்காரன் எழுந்து வந்து கை குடுத்தான் அமலி. எனக்குக் குடுத்தான்!"  தலை கொடுக்காதே என்று சொன்னதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை.

சனிக்கிழமை யாங்கூனில் விடிகாலை ஐந்தரை மணிக்கு இங்கிலாந்து யூனியனை விட்டு விலகியது. ஏழரைக்குப் பாக்டரியில் மணி அடித்தது. அமலி ஆபீஸுக்குள் நுழைந்தபோது அவள் மேசை அங்கே இல்லை. குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து, தையல் கூடத்தின் ஓரத்தில், பெட்டி அடுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மின்விசிறிகூட இல்லை. தண்டனை என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

 அமலி கைப்பையைக் கீழே வைத்தாள். ஏழாம் லைனிலிருந்து தமிழரசி எழுந்து ஓடி வந்தாள். "என்னக்கா பண்ணணும்?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் பிடி. சுவரைப் பார்த்து என்னால எழுத முடியாது."

இருவருமாக மேசையைத் தூக்கிக் கூடத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட்டார்கள். மூன்று லைனும் அங்கிருந்து நேராகத் தெரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அமலி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.