தலைவர் மறக்காத பெட்டி

தலைவர் எதையாவது மறந்தால் அது உலகத்திலிருந்தே காணாமல் போய்விடும். ஞாபகம் வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பும், உடம்பெல்லாம் தூசியோடு. ஊரறிந்த சங்கதி இது. ஆற்றுப் பாலத்தைச் சரிசெய்வதாகச் சொல்லி ஓட்டு வாங்கிய வாரமே பாலம் போயிற்று. அடுத்த தேர்தல் நெருங்கியதும் தூசியோடு வந்து நின்றது. கல்யாணமான புதிதில் ஒரு மாநாட்டு மேடையேறும் மும்முரத்தில் பெண்டாட்டியையே மறந்துவிட்டார். அந்த அம்மாள் மூன்றாம் நாள்தான் திரும்பினாள், தும்மிக்கொண்டே. எங்கே போயிருந்தாய் என்று கேட்டவர்களிடம், "எங்கேயும் இல்லை, விடுங்க," என்றாள்.

பதவி போன பிறகு, ராணுவ ரகசியக் காகிதங்கள் நிரம்பிய பெட்டி ஒன்று அவர் வீட்டு விருந்தினர் குளியலறையில், துண்டு அடுக்கும் அலமாரியடியில் அகப்பட்டது. மூடிகூடக் கிடையாது. அதுவரை அங்கே கை கழுவப் போன விருந்தாளிகளெல்லாம் அதைப் பார்த்து முகம் வெளுத்து வந்து, அதற்கப்புறம் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். ஆனால் நீதிமன்றத்தில் தலைவர், "மறந்தே போச்சுங்க. திருப்பி அனுப்புற வேலை மச்சானோடது," என்று கையை விரித்தார். மச்சான் என்றால் பெண்டாட்டியின் தம்பி, அவருடைய காரியதரிசி. தீர்ப்பு வந்தால் அவன் ஏழெட்டு வருஷம் உள்ளே. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. குடும்ப மானம் போகும், வாயைத் திறக்காதே என்று வந்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, நேரே போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

"தினம் அந்தப் பெட்டியைக் காலால தள்ளிட்டுத்தான் துண்டு எடுப்பேன். ஒருநாள்கூட அது காணாமப் போனதில்லை. இவர் ஒரு நிமிஷம் நிஜமா மறந்திருந்தா அது அங்க இருந்திருக்குமா? தொட்டுப் பாருங்க, தூசி இருக்கா?" நீதிபதி காகிதங்களைத் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. பாலம் இல்லாத வருஷங்களில் தோணியில் ஆற்றைக் கடந்தவர் அவர். அங்கேயே பேனாவைத் திறந்து தலைவருக்கு எதிராகத் தீர்ப்பெழுத ஆரம்பித்தார்.

தலைவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "இன்னையோட உன்னை மறந்தேன், போ!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவளோ கூண்டிலிருந்து இறங்கி, ஒரு நாற்காலியை அவர் எதிரிலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தாராளமா மறங்க. பார்க்கிறேன்." அவர் கண்ணை இறுக்கி மூடினார், பல்லைக் கடித்தார், வேர்த்துக் கொட்டினார். வேண்டுமென்றே மறப்பது மட்டும் அவருக்குக் கைவராத வித்தை. தம்பி அன்றைக்கே வீடு திரும்பினான். தலைவர் சிறையில் இருந்த காலமெல்லாம் முயன்றபடியே இருந்தார். அவள் தம்பி வீட்டு மாடியில் குடியிருந்து, கொஞ்சம் சதைகூடப் போட்டாள். ஒரு தடவையும் தும்மவில்லை.