சீட் உயரம் எண்ணூற்று நாற்பத்தைந்து

வாங்குவதற்கு முன்பே கலையரசன் அந்த வண்டியை மனப்பாடம் செய்திருந்தான். நானூற்றைம்பது சிசி, நாற்பது குதிரைத்திறன், முன்சக்கரம் இருபத்தொரு அங்குலம், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி இருநூற்று முப்பது மில்லிமீட்டர். காடு மலையென்று ஏறி இறங்கவே செய்த வண்டி. வேங்கிக்காலில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் இதே பாராயணம்தான். மனைவி கஸ்தூரி தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள்.

ஒன்றை மட்டும் அவன் ஒப்பித்ததே இல்லை. சீட் உயரம் எண்ணூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர். ஐந்தடி இரண்டங்குலக் கலையரசனுக்கு அது ஏணி போட வேண்டிய சமாசாரம். ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. அங்கிருந்தவர் சிரிக்காமல் ஒரு வழி சொன்னார்: அடிப்பாகம் தடித்த பூட்ஸ். அதை மாட்டியதும் நுனிக்கால் தரையைத் தொட்டது. தொட்டதே போதுமென்று மனுஷன் வண்டியை எடுத்துவிட்டான். உயரம் சரியாக இருக்கிறதா என்று கஸ்தூரி கேட்டதற்கு, தனக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது என்று கூசாமல் புளுகினான்.

பூட்ஸை யோசித்தவன் பூஜையை யோசிக்கவில்லை. ராஜகோபுரத்துக்கு எதிரே குருக்கள் வண்டிக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு, காலில் இருப்பதைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். மலையையே வெறுங்காலில் சுற்றுகிற ஊரில், சாமிக்கு எதிரே பூட்ஸோடுதான் ஏறுவேன் என்று யாரிடம் வாதாடுவது?

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமனார் வீட்டு ஜனம் ஒரு வேன் நிறைய வந்திருந்தது. கலையரசன் பூட்ஸைக் கழற்றினான், ஏறினான், ஸ்டாண்டை எடுத்து வண்டியை நிமிர்த்தினான். கால் தரையைத் தேடியது. கிட்டத்தட்ட இருநூறு கிலோ வலப்பக்கம் மெல்லச் சாய்ந்தது. விழுவதைவிட, தன் பொய் கஸ்தூரி முன்னால் அம்பலமாவதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது.

சாய்ந்த வண்டி அப்படியே நின்றது. பட்டுப்புடவையில் சந்தனம் அப்புவதையும் பார்க்காமல் கஸ்தூரி டேங்குக்கு இடுப்பால் முட்டுக் கொடுத்து, ஹேண்டிலைப் பிடித்திருந்தாள். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க ஊட்டுப் பழக்கம் சாமி. புது வண்டிய பொம்பள கை வெச்சுத்தான் எடுக்கணும்."

அப்படியொரு பழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. ஆனாலும் அவள் அப்பா முருகையன் ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார். பழம் நசுங்கியது. வண்டி நகர, கூடவே கஸ்தூரியும் நடந்தாள்.

ஓரமாக ஸ்டாண்டு போட்டதும் கலையரசன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். வண்டியின் உயரத்தைக் கம்மி பண்ணலாம், ஆனால் தரை இடைவெளி போய்விடும், வேண்டாமென்றால் வண்டியையே விற்றுவிடுகிறேன் என்றான்.

"கல்யாண போட்டோவுக்கு உங்கள மணை மேல ஏத்தி நிக்க வெச்சதே எங்கப்பாதான். உங்க உயரம் எனக்குத் தெரியாதாங்க?"

தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டான்.

"தெனம் அந்த வண்டியப் பத்திப் பேசறப்போ உங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? அதப் பாத்துட்டு வேணாம்னு எப்படிச் சொல்றது?"

கலையரசன் ஏறி உட்கார்ந்தான். கஸ்தூரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்துப் பின்னால் ஏறினாள்.

"நிக்கிற எடத்துல எல்லாம் நான் எறங்கிப் புடிச்சுக்கறேன். நீங்க ஓட்டுங்க."