கறிவேப்பிலைக்கு அடியில்

செகந்திராபாத்திலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் உப்பலுக்குள் வந்துவிட்டது என்று கணவர் போனில் சொன்னதும், பகவதி முதலில் போய்த் திறந்தது ஃப்ரிட்ஜை. கதவுத் தட்டில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்த இன்சுலின் ஊசிப் பேனாக்களை எடுத்துப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடினாள். டப்பாவைக் காய்கறித் தட்டில் கறிவேப்பிலைக் கட்டுக்கு அடியில் செருகினாள். அதற்குப் பிறகுதான் சுவரில் சாய்ந்து அழுதாள். அழுகை நிஜம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் இளைய மகள் சாஹித்யா.

"யாரு கேட்டாலும் விஷக்காய்ச்சல்னு சொல்லு," என்றாள் அம்மா. "போனவ போயிட்டா. நாளைக்கு ஒனக்கு ஒரு எடம் பாக்கணும்லா? அக்காளுக்குச் சுகர்னு தெரிஞ்சா ஒரு பய படியேற மாட்டான்."

அக்கா பூர்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் அங்கே நடந்த மருத்துவ முகாமில்தான் அது தெரிந்தது. ஆயுள் முழுக்க ஊசி போட வேண்டிய வகை. டாக்டர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்த பகவதி, அன்றைக்கே அதற்கு 'டயட்' என்று பேர் வைத்துவிட்டாள். எம்மகள் ஒரு லட்டைத் தொட மாட்டாள், அத்தனை கட்டுப்பாடு என்று கல்யாண வீடுகளில் சொல்லிப் பெருமைப்பட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு நல்ல கை.

பூர்ணா அந்தப் பொய்யையும் உருப்படியாக்கினாள். நியூட்ரிஷன் வகுப்பில் கூடப் படித்த ஸ்மிதாவைச் சேர்த்துக்கொண்டு, விடிகாலையில் ஹாஸ்டல் பிள்ளைகளை எழுப்பி நடக்க வைத்தாள். ராத்திரி பிரியாணியையும் கூல்டிரிங்கையும் விட வைத்தாள். சுகரும் பிரஷரும் நாற்பது வயதில் திடீரென்று வருவதில்லை, இப்போது தின்பதில்தான் ஆரம்பிக்கின்றன என்று சொல்லிச் சொல்லியே ஒரு கூட்டத்தைத் திருத்தியிருந்தாள். தன் ஊசியைப் பற்றி மட்டும் அவர்களிடம் வாயைத் திறந்ததில்லை. அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

போன வாரம் பாளையங்கோட்டையில் பூர்ணாவுக்கு நிச்சயதார்த்தம். டாக்ஸி வந்து நின்றபோது பகவதி, பூர்ணாவின் கைப்பையைத் திறந்து பேனாக்களை வெளியே எடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தைமார் ஒரே அறையில் படுப்பார்களாம், யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்றாள்.

"ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா," என்றாள் பூர்ணா.

"மூணு நாள்தான? இனிப்பத் தொடாம இரு, போதும்."

படித்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஏறினாள். அப்பா ராமசுவாமி பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கேட்கக்கூடாதது எது பேசப்பட்டாலும் அவருக்கு ஒரு பெட்டி கிடைத்துவிடும்.

அங்கே போன மறுநாளே பூர்ணா வாந்தியெடுத்தாள். பயணக் களைப்பு என்று அத்தைமார் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அவள் குடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும். திரும்பி வருகையில் ரயிலிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்து, செகந்திராபாத்தில் இறக்கும்போது அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் அது திரும்பவே இல்லை.

மத்தியானம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்தார்கள். கூடத்தில் குளிர்பெட்டிக்குள் பூர்ணா நிச்சயதார்த்தப் புடவையில் கிடந்தாள். யாரோ கண்ணு பட்டிருக்கும் என்றார்கள். பகவதி வந்தவர்களிடமெல்லாம் காய்ச்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்ல கொண்டு போயிருச்சே. ஒடம்ப எப்படி வச்சிருந்தா எம்புள்ள. நடையென்ன, பத்தியமென்ன. எல்லாம் இருந்து என்ன பிரயோசனம்?"

வந்தவர்கள் தலையாட்டினார்கள். செருப்பு அலமாரி ஓரம் நின்ற கிருஷ்ணபிரசாத், இரண்டு வருடம் பூர்ணாவுக்குப் பின்னால் நடந்து தொப்பையைக் குறைத்தவன், ஸ்மிதாவிடம் தெலுங்கில் முணுமுணுத்தான்.

"டயட்டு, வாக்கிங்கு, அன்னீ வேஸ்ட்டே கதா?"

எல்லாம் வீண்தானே என்று அவன் கேட்டதை ஸ்மிதா ஆமோதித்தாள். நாளையிலிருந்து அலாரம் வைக்கப்போவதில்லை என்றாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டு அதை ஒப்புக்கொண்டார்கள்.

சாஹித்யாவின் காதில் அது விழுந்தது. ஆளைக் கொன்றது போதாதா? அக்கா சொல்லிவிட்டுப் போனதையும் சேர்த்து எரிக்க வேண்டுமா? அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். அதைப் பார்த்துக்கொண்டு இத்தனை பேர் நடுவில் வாயைத் திறக்க அவளால் முடியவில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனாள். கறிவேப்பிலைக் கட்டைத் தள்ளி டப்பாவை எடுத்தாள். மருந்துக்கடை ஒட்டிய சீட்டில் பூர்ணாவின் பெயர் இருந்தது. பேனாக்களைத் தண்ணீர் பாட்டில்களுக்கு முன்னால், பெயர் தெரிகிற மாதிரி வரிசையாக வைத்துக் கதவைச் சாத்தினாள். கூடத்துக்கு வந்து ஸ்மிதாவின் தோளைத் தொட்டாள்.

எல்லோரும் வெயிலில் வந்திருக்கிறீர்கள், தண்ணீர் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்று தெலுங்கில் சொன்னாள். ஸ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாஹித்யா அக்காவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில், கதவு திறந்தே கிடப்பதைச் சொல்லும் அந்தக் கீச்சுச் சத்தம் ஆரம்பித்தது. அழுதுகொண்டிருந்த பகவதி தலையைத் தூக்கினாள்.

"யாரது ஃப்ரிட்ஜத் தொறந்து போட்டிருக்கது? மூடுங்க."

யாரும் மூடவில்லை.