உயரம் குறைந்த நோயாளி

மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை பார்த்தவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கேட்ட கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும், அவ்வளவுதான் வேலை. ஆனால் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்க்காமல் எதையும் கையைவிட்டு அனுப்ப அவளுக்கு மனம் வராது.

அன்று காலை நர்ஸ் ஒருத்தி அவசரமாக ஒரு கோப்பு கேட்டு வந்தாள். பித்தப்பையில் கல், மறுநாள் ஆபரேஷன்.

"சீக்கிரம் குடுங்கக்கா, டாக்டர் கத்துவாரு."

பூதக்கண்ணாடி புரட்டினாள். போன மாதம் உயரம் நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நேற்று நூற்று ஐம்பத்து நான்கு.

"ஏம்மா, ஒரு மாசத்துல ஆள் எட்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்காங்களே?"

"யாராச்சும் தப்பா அளந்திருப்பாங்க."

பழைய தாள்களிலும் இதே இரண்டு அளவுகள்தான் மாறி மாறி வந்தன. தப்பாக அளப்பவர்கள் இத்தனை ஒழுங்காகவா அளப்பார்கள்? இன்னும் தோண்டினாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய தாள் ஒன்றில், ஓர் ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கியதாக இருந்தது. போன மாதத் தாளில் அதே ஊசி போட்டு நன்றாகக் குணமாகியிருந்தது. நாளைக்கும் அதையே எழுதியிருந்தார்கள்.

கோப்பை நர்ஸிடம் கொடுக்காமல் தானே வார்டுக்குக் கொண்டுபோனாள். கட்டிலில் குள்ளமான ஒரு பெண் படுத்திருந்தாள்.

"போன மாசம் உங்களுக்கு இந்த ஊசி போட்டாங்களா?"

"எனக்கா? அதப் போட்டிருந்தா இன்னைக்கு நான் உசுரோட இருப்பேனா?"

"அய்யோ, அது எனக்குத்தான் போட்டாங்க!" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டைப் பெண்.

"நீங்க யாரு?"

"இவளுக்கு ஓரகத்தி. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. வீட்ல பெரியவ, சின்னவன்னு கூப்பிடுவாங்க. இங்க பேரும் விலாசமும் மட்டும்தானே கேப்பாங்க, சொல்லுவோம்."

விஷயம் டாக்டர் காதுக்குப் போனது. ஊசியை மாற்றினார். அந்த வாரமே பதிவு மேஜையில் பிறந்த தேதியையும் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து சின்னவள் தேறி எழுந்ததும் இருவரையும் பூதக்கண்ணாடி தன் அறைக்கு வரச்சொன்னாள். கோப்பைப் பிரித்து இரண்டாக அடுக்கினார்கள்.

"கால் சுளுக்கு. இது என்னோடது" என்றாள் பெரியவள்.

"பொய் சொல்லாத. மாடிப்படியில உருண்டது நான்தான்!"

சிரித்துச் சிரித்துச் சின்னவள் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு தாள் மிஞ்சியது. தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. உயரம் குறிக்கவில்லை. பெரியவள் தலையாட்டி மறுத்தாள். சின்னவளும் மறுத்தாள். யாருடையதாக இருக்கும்? பூதக்கண்ணாடி அதைத் தனி உறையில் போட்டுவைத்தாள். அந்த வாரம் முழுக்க உறையை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பெரியவள் தனியாக வந்தாள்.

"அந்தத் தாளு என்னோடதுதான். அவ முன்னாடி சொல்ல வாய் வரல."

பூதக்கண்ணாடி உறையைப் பிரித்தாள். தாளில் பெரியவளின் கோப்பு எண்ணை எழுதி, அவள் கோப்பில் சேர்த்தாள். பிறகுதான் மெதுவாகக் கேட்டாள்.

"இப்பத் தூங்குறீங்களா?"

"பாதி நாள்."

"டாக்டர் மாடியிலதான் இருக்காரு. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."