தீ மூட்டக்கூடாது

சீனச் சண்டையில் செத்துப்போன பலவேசத்துக்கு இத்தனை காலம் கழித்துப் பீடம் கட்டியிருந்தார்கள். அகாலத்தில் செத்தவனைச் சாமியாக்கி, அவன் செத்த கதையை வில்லுப்பாட்டில் பாடினால்தான் அவன் அடங்குவான் என்பது கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே இருக்கும் அந்தத் தெருவின் வழக்கம். கதை தெரிந்து உயிரோடு இருந்தவர் அவனோடு வயர்லெஸ் பெட்டி சுமந்த சுவிசேஷமுத்து ஒருவர்தான். பாளையங்கோட்டையிலிருந்து காரில் கூட்டி வந்தார்கள். கிறிஸ்தவ வேதக்காரரான அவருக்குப் பீடத்தில் நம்பிக்கை கிடையாது. பலவேசத்தைப் பற்றிக் கேட்க ஆள் வந்ததே பெரிது என்று வந்திருந்தார்.

"சொல்லுங்கய்யா, எத்தன பேர வெட்டுனாரு?" என்றாள் வில்லடிக்கும் பொன்செல்வி.

"ஒருத்தனையும் வெட்டல. பாத்துக்கிட்டு இருந்தோம்."

எல்லை ஓடைக்கு அக்கரையில் முதலில் சீனர்களின் கோவேறு கழுதைகள் வந்தன. பிறகு பாறைக்கு வெடி வைத்துச் சாலை போட்டார்கள். பிறகு லாரிகள், விளக்கைக்கூட அணைக்காமல். தினமும் காலையில் பலவேசம் பார்த்துச் சொல்வான்; சுவிசேஷமுத்து மேலிடத்துக்கு அனுப்புவார். தினமும் ஒரே பதில்தான். கவனித்துக்கொண்டிரு, சுடாதே, தீ மூட்டாதே. புகை இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிரிக்கோ இவர்கள் படுக்கும் குழிகூடத் தெரியும். அவன் கட்டை கட்டையாக எரித்துக் குளிர்காய்ந்தான். இவர்களுக்குப் பருத்திச் சட்டை, கான்வாஸ் பூட்ஸ். கால்விரல்கள் கறுத்தன. விறகுவெட்டித் தடத்தில் பின்பக்கமாக ஆள் ஏறுகிறான் என்றும் அனுப்பினார். அதற்கும் அதே பதில். மறுநாள் அந்தத் தடத்தில்தான் வந்தார்கள்.

"தோட்டா தீந்துட்டு. காட்டுக்குள்ள ஓடுனோம். அவன் மேல ஒரு கீறல் கிடையாது. பனியில ஒரு மரத்து மூட்டுல உக்காந்தான். 'லே முத்து, கொஞ்சம் தீ போடுலே, கையக் காட்டிட்டு வாரேன்'னான். தீப்பெட்டி நனஞ்சு கெடந்துச்சு. அவ்வளவுதான்."

கொடைவிழா நடத்தும் பெருமாள்ராஜ், பலவேசத்தின் தம்பி மகன், சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, குளிர்ல வெறச்சுச் செத்தாருன்னு பாடுனா எந்தப் பொம்பள குலவ போடுவா? யக்கா, நீ அம்பது பேருன்னு வச்சுக்க."

"எனக்கும் விடிய விடியப் பாடணும்லா," என்றாள் பொன்செல்வி. "பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு எவ்வளவு நேரம்யா இழுப்பேன்?"

பலவேசத்தின் மனைவி சுடலைவடிவு மட்டும் கிட்டே வந்தாள். "கடைசியா அவிய தீயா கேட்டாவ?"

"ஆமா தாயி."

சாயங்காலம் வில் முழங்கியது. பாட்டில் ஐம்பது தலைகள் உருண்டன. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவிசேஷமுத்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் அனுப்பிய சேதிகளுக்கு நேர்ந்ததுதான் இன்றைக்குச் சொன்னதற்கும் நேர்ந்தது.

சித்திரைப் புழுக்கம். சுடலைவடிவு காய்ந்த ஓலையும் சிரட்டையும் அள்ளி வந்து பீடத்தின் முன்னால் குவித்துப் பற்றவைத்தாள். வெக்கை தாளாமல் சனம் விலகியது. "கைய நீட்டுங்க," என்றாள் பீடத்தைப் பார்த்து.

"ஏ பெரியம்ம, ஒனக்குக் கிறுக்கா? பந்தல்ல பிடிச்சிரும்!" பெருமாள்ராஜ் ஓடிவந்து மஞ்சத்தண்ணிக் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தான். தீ சீறி அணைந்தது. புகையில் பீடம் மறைந்தது. பாட்டு நிற்கவில்லை.

சேலை நனைந்து நின்ற சுடலைவடிவு சுவிசேஷமுத்துவிடம் வந்தாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட தீப்பெட்டி இருக்கா? இது நனஞ்சு போச்சு."

அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். இல்லை.