எட்டில் ஒன்று

போன் அடித்தபோது பிற்பகல் மூன்று மணி. "ஹலோ" என்றவளுக்குத் தன் குரலே கரகரப்பாகக் கேட்டது. காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, நான்தான். வயர்."

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் கணினி அறையில் அவளோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவன். ஒல்லி உடம்பு, எந்நேரமும் தோளில் ஒரு கேபிள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. படுக்கையில் விழுந்த கணவரைப் பார்த்துக்கொள்ள அவள் வேலையை விட்டாள். அவர் போய் ஏழு மாதம். துக்கம் கேட்க வந்ததோடு சரி, இன்றுதான் கூப்பிடுகிறான்.

"பெரிய மெஷின் மக்கர் பண்ணுதுக்கா. உள்ள இருந்த பேட்டரி செத்துப்போச்சு, புதுசு போட்டேன். யூனிக்ஸ் ஏறுது, ஆனா எட்டு ப்ராசஸர்ல ஒண்ணுதான் தெரியுது. ரிப்போர்ட்டெல்லாம் தேங்கிக் கிடக்கு."

கேட்டவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. பேட்டரி போனால், மெஷினை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான பயாஸில் மாற்றி வைத்ததெல்லாம் அழிந்துவிடும். அங்கே எந்த இயங்குதளம் என்று கேட்கும் ஒரு வரி உண்டு. அதில் யூனிக்ஸ் என்று மாற்றாவிட்டால், மற்ற ஏழு ப்ராசஸர்களைப் பற்றி மெஷின் மூச்சே விடாது. ஒரு காலத்தில் மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு அவளே கண்டுபிடித்தது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் வைத்துவிடுவான்.

"மெமரியக் கழட்டி மாட்டிப் பாத்தியா?" என்றாள்.

மாட்டினான். மெஷின் எழ ஆறு நிமிடம் பிடிக்கும். அந்த ஆறு நிமிடமும் பேசினான். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். புது மேலாளர் பிரிண்டருக்கும் மீட்டிங் போடுகிறாராம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மெஷின் எழுந்தது; அதே ஒன்றுதான்.

"நெட்வொர்க் கார்ட எடுத்துட்டு ஏத்திப் பாரேன்."

இன்னொரு ஆறு நிமிடம். நடுவில் அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம். ஒரு பெண்குரல் படபடத்தது: "இன்னும் எவ்வளவு நேரம்? தியேட்டர்ல இருந்து மூணாவது தடவ கேக்குறாங்க. ரத்த ரிப்போர்ட் பாத்தாதான் ஆபரேஷன் ஆரம்பிப்பாங்களாம்."

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"டேய், அதெல்லாம் விடு. பயாஸுக்குள்ள போ. இயங்குதளம்னு ஒரு வரி இருக்கும், யூனிக்ஸ்னு மாத்து. சீக்கிரம்."

இந்த ஆறு நிமிடம் இருவருமே பேசவில்லை.

"எட்டும் வந்துடுச்சுக்கா!" என்று கத்தினான். பிறகு குரல் தணிந்தது. "அக்கா... இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

யாரோ கூப்பிட, "இதோ வந்துட்டேன்" என்றான். அது அவளிடம் சொன்னதல்ல. போன் மெஷினின் இரும்புப் பெட்டிமேல் வைக்கப்படும் ஓசை. பிறகு காலடிகள். கதவு.

இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தான். மெஷினின் விசிறிகள் சீராக இரைந்துகொண்டிருந்தன. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசைமேல் வைத்து, அதன் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரையில் விநாடிகள் ஏறிக்கொண்டே இருந்தன.